140-ஐத் தாண்டாதே!

ஏழு வருஷமாக மெரினாவில் ஓடுகிறேன். நேப்பியர் பாலத்தில் தொடங்கி கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பினால் ஆறரை கிலோமீட்டர். அதில் ஆறு வருஷம் எனக்குத் தெரிந்த ஒரே ஓட்டம், மூச்சு முட்ட ஓடுவதுதான். வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் ஃபேனுக்கு அடியில் பேச்சில்லாமல் உட்கார்ந்தால்தான் ஓடிய திருப்தியே வரும். போன ஏப்ரலில் என் 47-வது பிறந்தநாளுக்கு மகள் ஒரு ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கித் தந்தாள். கார்மின் ஃபோர்ரன்னர் 55. அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இன்று உங்களிடம்.

மொத்த எடை 37 கிராம். கையில் இருப்பதே மறந்துபோகும். தொடுதிரை கிடையாது, ஐந்து பொத்தான்கள்தான். சென்னைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இருக்க முடியாது! இரண்டாவது கிலோமீட்டரிலேயே விரலெல்லாம் வியர்வையில் ஊறிவிடுகிற ஊரில், தொடுதிரையைத் தேய்த்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும் பொத்தானின் அருமை. வெயில் ஏற ஏறத் திரை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. வாரத்துக்கு நாலு நாள் ஓடியும் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் சார்ஜ் போடுகிறேன்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது இதெல்லாம் இல்லை. விடியாத கடற்கரையில் நின்றுகொண்டு பொத்தானை அழுத்திவிட்டு, சாட்டிலைட் கிடைக்கிறவரை காத்திருக்கிற அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, அதை முதலில் சொல்ல வேண்டும். தலைக்கு மேலே சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தங்கள் அணுக் கடிகாரத்தின் நேரத்தை இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்த சிக்னல் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, குறைந்தது நாலு செயற்கைக்கோள்களின் கணக்கைப் போட்டு, நான் எங்கே நிற்கிறேன் என்று என் மணிக்கட்டு கண்டுபிடிக்கிறது. 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அந்தக் காலமாக இருந்தால் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டி, நான் மாநிலக் கல்லூரி வளாகத்துக்குள் ஓடுவதாகச் சொல்லியிருக்கும். இன்று காமராசர் சாலையின் எந்தப் பக்க நடைபாதையில் ஓடினேன் என்பதுகூட வரைபடத்தில் தெரிகிறது. கடிகாரம் கையில் ஒருமுறை அதிரும். தயார் என்று அர்த்தம். இத்தனை மாதமாகியும் அந்த அதிர்வில் எனக்கு ஒரு சிலிர்ப்பு.

பழகுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தந்த நொடியின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினால் குழப்பம்தான் மிஞ்சும். மரங்கள் மூடிய தெருவிலும் மாடி வீடுகளுக்கு நடுவிலும் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால், ஒரே சீராக ஓடினாலும் எண் ஏறி இறங்கும். எந்த ஜிபிஎஸ்ஸுக்கும் இதுதான் இயல்பு. ஒவ்வொரு கிலோமீட்டருக்குமான சராசரியை, அதாவது லேப் பேஸை, திரையில் வைத்துக்கொண்டேன். பிரச்சினை தீர்ந்தது. மெரினாவிலோ ஒருபக்கம் முழுக்கக் கடல், வானம் திறந்து கிடக்கிறது. இந்தக் கடிகாரத்துக்கு அதைவிட நல்ல இடம் நம் ஊரில் இல்லை.

இனி நாடி. எங்கள் ஊர் சித்த வைத்தியர் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பார். சின்ன வயதில் அவர் கண்ணை மூடிக்கொண்டு நாடி பிடிப்பதை வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். இந்தக் கடிகாரம் அதே மணிக்கட்டின் மறுபக்கத்தில் பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சுகிறது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் பெருகும்போது திரும்பி வரும் வெளிச்சம் ஒரு துளி குறையும். அந்தக் குறைவை எண்ணியே இதயத் துடிப்பைச் சொல்லிவிடுகிறது.

முதல் வாரம் மெதுவாக ஓடும்போதே 168 என்று காட்டியதும் பயந்துவிட்டேன். நின்று கழுத்தில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தால் 130-தான். தவறு என்னுடையது. ஸ்ட்ராப்பை வளையல் மாதிரித் தொளதொளவென்று கட்டியிருந்தேன். கடிகாரம் குலுங்கக் குலுங்க, துடிப்புக்குப் பதிலாக என் காலடிகளை எண்ணியிருக்கிறது. நிமிஷத்துக்கு 168 அடி! எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே ஏற்றி, இரண்டு ஓட்டை இறுக்கிக் கட்டினேன். அதற்குப் பிறகு சந்தேகப்பட வேண்டிய அவசியமே வரவில்லை.

எங்கள் கூட ஓடுகிற ஒரு பெரியவர், அறுபதைக் கடந்தவர், பல வருஷமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஓடறப்ப பேச முடியணும் தம்பி. முடியலேன்னா வேகத்தைக் குறைங்க." "சரி சார்" என்பேன், குறைக்க மாட்டேன். கடிகாரம் வந்த பிறகு அவரே உட்கார்ந்து 140-ஐத் தாண்டினால் அதிரும்படி வைத்துக் கொடுத்தார். 220-இலிருந்து வயதைக் கழித்தால் எனக்கு உச்சத் துடிப்பு 173 வர வேண்டும். அது பொதுச் சராசரி. பாலத்து ஏற்றத்தில் முழு மூச்சாக ஓடியபோது நான் பார்த்தது 184. அதிலிருந்துதான் அந்த 140 வந்தது.

மறுநாள் ஓடத் தொடங்கி நானூறு மீட்டர் போவதற்குள் அதிர்ந்தது. குறைத்தேன். மறுபடி அதிர்ந்தது. நடந்தேன். உழைப்பாளர் சிலைக்கு வருவதற்குள் ஆறு முறை! மே மாதம் முழுக்க ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷம் இருபது நொடி. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஃபேன் தேவைப்படவில்லை. மனைவியோடு உட்கார்ந்து காபி குடித்தேன், பேசினேன், அலுவலகத்தில் மதியம் கண் சொருகவில்லை. ஆறு வருஷமாக ஒவ்வொரு நாளும் என்னை நானே அடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. நிதானமாக ஓட ஓட இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தை அனுப்பப் பழகுகிறது, தசைகளில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. இதைப் படித்துத் தெரிந்துகொண்டது பிறகு. உடம்பு முதலிலேயே சொல்லிவிட்டது.

நம் ஊர் புழுக்கத்தைப் பற்றியும் இந்தக் கடிகாரம்தான் கண்ணைத் திறந்தது. மே மாதத்தில் அதிர்வைப் பொருட்படுத்தாமல் ஒரே வேகத்தில் ஓடினால், முதல் கிலோமீட்டரில் 132 இருந்தது ஆறாவதில் 148 ஆகிவிடும். வியர்வையில் ரத்தத்தின் நீர் குறைகிறது, உடம்பைக் குளிர்விக்க ஒரு பங்கு ரத்தம் தோலுக்குப் போகிறது, மிச்சத்தை வைத்துக்கொண்டு இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. கோடையில் கால் ஓயவில்லை, இதயம்தான் இரண்டு வேலை பார்த்திருக்கிறது. இதைத் தெரியாமல் எத்தனை மே மாதங்கள் "எனக்கு வயசாகிவிட்டது" என்று மனம் நொந்திருக்கிறேன்!

அப்புறம் மார்கழி வந்தது. பனி லேசாக இறங்கியிருந்த ஒரு விடியற்காலை. மயிலாப்பூர் பக்கம் கோயில் ஒலிபெருக்கி ஆரம்பித்திருந்தது. அதே பாதை, அதே 140. ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம் பத்து நொடி! குளிருக்கும் அதில் பங்கு உண்டு, தெரியும். ஆனால் போன மார்கழியில் இதே வேகத்தில் ஓடி முடித்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டவன் நான். இந்த முறை பெரியவரோடு கலங்கரை விளக்கம் வரை பேசிக்கொண்டே போனேன். திரும்பி வந்து எண்ணைப் பார்த்தபோது கண் கலங்கியது.

இன்னொன்று. ஓய்வில் என் துடிப்பு வழக்கமாக 54. ஜனவரியில் ஒரு காலை 65 காட்டியது. உடம்பில் ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் அன்றைய ஓட்டத்தை விட்டுவிட்டேன். மறுநாள் காய்ச்சல். கடிகாரம் மருத்துவர் ஆகிவிடாது, நெஞ்சில் வலியோ படபடப்போ இருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஆனால் ஓடலாமா கூடாதா என்று முடிவெடுக்கக் காலையில் நான் பார்க்கும் முதல் எண் இதுதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். முதல் இரண்டு மாதம் வேகத்தைத் திரையிலிருந்தே எடுத்துவிடுங்கள். துடிப்பு மட்டும் இருக்கட்டும். ஸ்ட்ராப்பை இறுக்கிக் கட்டுங்கள். யார் தாண்டிப் போனாலும் போகட்டும், விடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து மணிக்கு நேப்பியர் பாலத்துப் பக்கம் நாங்கள் நிற்போம். கூட ஓட வாருங்கள், பேசிக்கொண்டே போகலாம்.