நாற்பதுக்குப் பிறகு பெயரில்லை

உலா இலக்கியம் பெண்ணை ஏழு பருவமாகப் பிரிக்கிறது. பேதையில் தொடங்குவது பேரிளம்பெண்ணில் முடிகிறது. பேரிளம்பெண்ணுக்கு வயது 32 முதல் 40 என்கின்றன பாட்டியல் நூல்கள். அதற்குமேல் அவளுக்குப் பெயரில்லை. உலா வரும் தலைவனைக் கண்டு மயங்கும் வயது கடந்தவள் பாட்டுக்குத் தேவைப்படவில்லை. வகுப்பில் இதைப் பழைய மரபு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். நம் பொதுச் சுகாதாரமும் இதே இலக்கணத்தில்தான் பெண்ணை எழுதுகிறது என்பது என் வாசிப்பு.

எச்.ஐ.வி.யை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் அது முதலில் அறியப்பட்டது 1986இல், சென்னையில், சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில். அன்று சோதிக்கப்பட்டவர்கள் பாலியல் தொழிலாளிகள். பிறகு கர்ப்பிணிகள். ஆணுக்குத் தொற்றவைப்பவளாகவோ குழந்தைக்குத் தொற்றவைப்பவளாகவோதான் பெண் ஏட்டில் ஏறினாள். இன்றும் பரவல் விகிதம் 15 முதல் 49 வயதினரைக் கொண்டே சொல்லப்படுகிறது. உலாவைவிட ஒன்பது ஆண்டு கூடுதல், அவ்வளவே.

2004இல் அரசு மருத்துவமனைகளில் கூட்டுமருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. செத்துவிடுவார்கள் என்று ஊர் எண்ணிய பெண்கள் பிழைத்தார்கள். அன்று முப்பதில் இருந்தவள் இன்று ஐம்பதைக் கடந்தவள். மீமிசலிலிருந்து அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டைக்குப் பேருந்தேறி மாத்திரை வாங்கப் போகும் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். காசநோயைக் கண்டறிய அவளிடம் கேட்க வேண்டியவை நான்கு: இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை. வியர்க்கிறது என்றால் முதலில் காசநோய்ச் சோதனைதான் செய்ய வேண்டும். காசநோய் இல்லை என்றான பிறகு? மாதவிடாய் நின்றுவிட்டதா என்ற ஐந்தாவது கேள்வி அந்த நான்கில் இல்லை. 'வயசாகிவிட்டது', 'இந்த நோய்க்கு இப்படித்தான்' என்று அவளே தனக்குப் பதில் சொல்லிக்கொள்கிறாள்.

கேட்டால் செய்யக்கூடியவை பல. மாதவிடாய் நிற்கும்போது எலும்பு அடர்த்தி குறையும். டெனோஃபோவிர் மாத்திரையும் அதைக் குறைக்கக்கூடியது. இரண்டும் ஒரே உடலில் சேர்கின்றன. எச்.ஐ.வி. இருப்பதால் மட்டுமே ஹார்மோன் சிகிச்சையை மறுக்க வேண்டியதில்லை. எஃபாவிரென்ஸ் போன்ற சில மருந்துகள் ஹார்மோன் அளவைக் குறைக்கும் என்பதால், அவள் எதை உட்கொள்கிறாள் என்று பார்த்துத் தர வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய் வாய்ப்பு இவர்களுக்கு ஆறு மடங்கு. மாதவிடாய் நின்றதும் அந்தப் பரிசோதனையை நிறுத்திவிட முடியாது.

ஐந்தாவது கேள்விக்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், புதுக் கருவியும் வேண்டாம். யாருடைய மனைவி, யாருடைய தாய் என்பதை விட்டு, அவள் உடலை அவளுக்காக விசாரித்தால் போதும்.