செலவில்லாத கோழி

கிராமத்துப் புறக்கடையில் நாலைந்து பெட்டையும் ஒரு சேவலும் மேய்வதை யாரும் தொழில் என்று சொல்வதில்லை. ஆடு மாட்டுக்குக் கணக்கு உண்டு, கோழிக்குக் கிடையாது. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் அதுபாட்டுக்குப் போய்க் கிளறித் தின்னும். பொழுது சாய்ந்தால் தானே வந்து அடையும். கழுநீரோடு போகும் சோற்றுப்பருக்கை, புடைத்துத் தள்ளிய நொய், எருக்குழிப் புழு, கறையான் ஆகியவைதான் தீனி. கைக்காசு எதுவும் போகாது என்பதே இந்த வளர்ப்பின் பெரிய பலம். இதன் தீராத குறையும் அதிலிருந்துதான் கிளைக்கிறது என்று நினைக்கிறேன்.

நாமக்கல் பண்ணைகளில் ஒரு முட்டைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டைகளுக்கு மேல் இடுகிறது. நாட்டுப்பெட்டை 60, மிஞ்சினால் 80. இதை வைத்து நாட்டுக்கோழியை மட்டம் தட்டுவது நியாயமில்லை. பண்ணைக்கோழிக்குத் தினமும் 100 கிராமுக்குக் குறையாமல் தீவனம் வாங்கிப் போட வேண்டும். அதில் இருக்கும் மக்காச்சோளமும் சோயாவும் நல்ல நிலத்தில், நீர் பாய்ச்சி விளைவித்தவை. நாட்டுக்கோழியோ மனிதனுக்கு உதவாததைத் தின்று முட்டையாக்குகிறது. அதோடு தன் வம்சத்தையும் தானே பெருக்கிக்கொள்கிறது.

அடை வைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இதன் மதிப்பு புரியும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு முடித்ததும் பெட்டையின் குரல் மாறிவிடும். கொக்கரிப்பு அடங்கி, கிட்டே போனால் இறகைச் சிலிர்த்து உறுமும், கூட்டை விட்டு எழாது. கூடையில் மணலையோ தவிட்டையோ பரப்பி முட்டைகளை அடுக்கி, இடிச்சத்தத்துக்கு முட்டை கெட்டுவிடக் கூடாது என்று ஒரு இரும்புத்துண்டு, கரித்துண்டு, மிளகாய் வற்றல் போட்டு வைப்பார்கள். அந்த இரும்பால் பயன் உண்டென்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து அதே வீட்டுப் பெண், இருட்டில் டார்ச் விளக்கின் மேல் முட்டையைப் பிடித்து, உள்ளே சிவப்பு நரம்பு ஓடுகிறதா என்று பார்க்கிறார். ஓடாததைக் கூமுட்டை என்று ஒதுக்குகிறார். அந்தக் கணிப்பு அநேகமாகத் தப்புவதில்லை. குஞ்சு பொரிக்கும் கருவி 37.5 டிகிரி வெப்பத்தையும் தக்க ஈரப்பதத்தையும் காத்து, நாளுக்குப் பல தடவை முட்டையைத் திருப்பி வைத்துச் செய்யும் வேலையை, கரண்ட் இல்லாமல் 21 நாளில் ஒரு பெட்டை முடித்துவிடுகிறது.

வரும் பணமும் பெரும்பாலும் பெண்ணின் கையில்தான் தங்குகிறது. நெல் விற்ற காசு, மாடு விற்ற காசு எல்லாம் ஆண் கைக்குப் போகும் வீட்டில்கூட முட்டைக்காசு சிறுவாடாகச் சேரும். பிள்ளைக்கு நோட்டு, திடீர் விருந்தாளிக்குக் குழம்பு, குலசாமிக்கு நேர்ந்த சேவல் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன. யாரிடமும் கைநீட்டாமல் ஒரு பெண் செலவு செய்ய முடிகிற இந்த இடத்தை லேசாக எடைபோடக் கூடாது.

நாட்டுமுட்டைக்கு ஏற்றிச் சொல்லப்படும் பெருமைகளில் சிலவற்றை மட்டும் விட்டுவிடலாம். மஞ்சள்கரு அடர்ந்திருப்பது கோழி கொத்தும் பச்சையில் உள்ள நிறமிகளால். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. எடைக்கு எடை புரதத்தில் பண்ணை முட்டைக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. ருசி வேறு என்பதை மறுக்க மாட்டேன்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. செலவே இல்லாததால் கணக்கு இல்லை; கணக்கு இல்லாததால் இழப்பும் யார் கண்ணிலும் படுவதில்லை. பொரித்த குஞ்சுகளில் பாதி தேறினால் பெரிது என்பார்கள். பருந்து ஒன்றைத் தூக்கும், கீரி ஒன்றை இழுக்கும், மழையில் நனைந்து இரண்டு விறைக்கும். ஆட்டுக்குட்டி இப்படிப் போனால் வீடே பதறும். குஞ்சு போனால் அது வழக்கம். முதல் மூன்று நான்கு வாரம் குஞ்சுகளைக் கம்பிவலைக்குள் வைத்துக் குருணை போட்டாலே இதில் பெரும்பகுதி மிஞ்சும். அந்த வலைக்கும் குருணைக்கும் காசு எடுக்க மனம் வருவதில்லை.

இதைவிடப் பெரிய அடி வெள்ளைக்கழிச்சல். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்ட நோய் இது. விரைவிலேயே இமயமலைப் பகுதியின் இராணிகேத்திலும் கண்டறியப்பட்டு, இந்தியாவில் அந்த ஊரின் பெயரையே பெற்றது. கோடை தொடங்கும்போது ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டுப் பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். அடுத்த சில நாளில் தெருவே காலியாகும். வைரஸ் நோய் என்பதால் வந்தபின் மருந்து கிடையாது. மருந்துக்கடையில் கேப்ஸ்யூல் வாங்கிப் பிரித்துச் சோற்றில் பிசைந்து கொடுப்பதில் பயனில்லை. மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அவற்றால் இந்த நோயை நிறுத்த முடியாது.

நோய் கண்டதும் நடப்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. மிச்சத்தைக் காசாக்கிவிடலாம் என்று சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். விலை படியாவிட்டால் அதே கூடையில் திரும்பவும் கொண்டுவருகிறார்கள். செத்ததை ஓடையில் எறிகிறார்கள். ஒரு ஊரின் நோய் அடுத்த ஊருக்கு இப்படித்தான் நடந்துபோகிறது. ஏழையின் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோழியை வாங்கிப்போவதும் பெரும்பாலும் இன்னொரு ஏழைப் பெண்தான்.

அரசுத் திட்டங்கள் எண்ணிக்கையைக் கூட்டுவதிலேயே குறியாக இருக்கின்றன. வனராஜா, கிரிராஜா, நந்தனம் போன்ற இனங்கள் வேகமாக வளரும், முட்டையும் கூடுதல். நன்றாகத் தீனி போடுகிற வீட்டுக்கு நல்லவை. வெறும் மேய்ச்சலை நம்பிய புறக்கடையில் அவை தடுமாறுகின்றன. கனத்த உடம்போடு நாய்க்குத் தப்பிப் பறக்க முடிவதில்லை, அடை உட்காருவதும் அரிது. அடுத்த தலைமுறைக்கு மறுபடியும் குஞ்சு வாங்க வேண்டும். ஒரு புறக்கடையின் புழுவும் பருக்கையும் இத்தனை கோழிக்குத்தான் காணும் என்ற வரம்பும் இருக்கிறது. அதை மீறினால் கோழி பக்கத்து வீட்டுக் கத்தரி நாற்றைக் கிளறும், தெருவில் சண்டை வரும்.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி இல்லாமல் இல்லை. கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துகிறது. சிக்கல் நடைமுறையில்தான். மருந்துக்குப்பி 100 கோழிக்கு, 200 கோழிக்கு என்றுதான் வரும், வீட்டில் இருப்பதோ ஐந்து. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருந்து, கலக்கிய பின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். முகாம் ஆட்கள் வரும் பத்து மணிக்குக் கோழி வேலியோரம் மேய்ந்துகொண்டிருக்கும். அதை யார் துரத்திப் பிடிப்பது? விடியுமுன் பஞ்சாரத்தில் அடைந்திருக்கும்போதுதான் கை வைக்க முடியும். சென்னையிலுள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியோடு கொடுக்கக்கூடிய குருணைத் தடுப்பு மருந்தை நாட்டுக்கோழிக்கென்றே உருவாக்கியிருக்கிறது. அது எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்க வேண்டும்.

அதுவரை வங்கதேசம் செய்ததைச் செய்யலாம். அங்கே கிராமத்துப் பெண்களுக்கே தடுப்பூசி போடக் கற்றுக்கொடுத்து, கோழிக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். நம் ஊர்களில் மகளிர் குழுக்கள் இருக்கின்றன. இருபது வீடு சேர்ந்தால் ஒரு குப்பி தீர்ந்துவிடும். விடியுமுன் வீடு வீடாகப் போகிற அந்தப் பெண்ணுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். இலவசக் குஞ்சு வழங்க அரசு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கை இதற்கு எடுத்து வைக்கலாம். மிச்சத்தை வளர்ப்பவரே கொடுக்கட்டும். சீக்கில் ஒரு பெட்டை பிழைத்தாலே அந்தக் காசு பல மடங்காகத் திரும்பிவிடும்.