ஓவன் போர்டு: மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

சுங்கைப் பட்டாணியில் அக்கா வீட்டு ஓவன் செப்டம்பர் மாத இடிமழைக்குப் பிறகு மக்கர் பண்ண ஆரம்பித்தது. கடிகாரம் எரிகிறது. 180 டிகிரிக்குத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், கடிகார எண்கள் மங்குகின்றன, மறுபடியும் ‘டிக்’. சூடு மட்டும் ஏறவே இல்லை. எதிரே தீபாவளி, நெய் பிஸ்கட்டுக்கும் பட்டர் கேக்குக்கும் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் நம்பியிருப்பது அந்த ஓவனைத்தான். சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, போர்டை முழுதாகத்தான் மாற்ற வேண்டும், 380 வெள்ளி, கூலி தனி என்றார்கள். போர்டை வரவழைத்து நானே மாற்றினேன். கழற்றிய பழைய போர்டையும் மேசையில் வைத்துச் சோதித்தேன்.

புது போர்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழையதில் கெட்டிருந்தது மூன்று வெள்ளிகூடப் பெறாத ஒரு கெப்பாசிட்டர்.

போர்டு வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகளுக்குச் சாதாரண மல்டிமீட்டர் போதும். சுவரில் உள்ள ஐசொலேட்டரை அணைத்து, கரண்டு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு பின்தகட்டைக் கழற்றுங்கள். 2,000 வாட் ஹீட்டர் என்றால் 26 ஓம் வாக்கில் காட்ட வேண்டும். 1,200 வாட் என்றால் 44. வெப்ப உணரி பிடி1000 வகையாக இருந்தால் நம் ஊர் 30 டிகிரி வெயிலில் 1,117 ஓம் அளவில் நிற்கும். பிடி500 என்றால் அதில் பாதி. ஓவனைப் போட்டதுமே இ.எல்.சி.பி. விழுகிறதென்றால் பெரும்பாலும் ஈரம் குடித்த ஹீட்டர்தான் காரணம், போர்டு அல்ல. அக்கா ஓவனில் எல்லா அளவும் சரியாக இருந்ததால்தான் போர்டின்மேல் சந்தேகம் திரும்பியது.

மாற்றும் வேலை பொறுமை கேட்பது, கஷ்டமானதல்ல. ஓவனை அலமாரியிலிருந்து வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டும். ஒயரைத் தொடும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் சூட்டில் இருந்த இணைப்புகள் இறுகிப் போயிருக்கும். ஒயரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும், மூக்கு நீண்ட குறட்டால் உலோகத்தைப் பிடித்துத்தான் ஆட்டி எடுக்க வேண்டும். போர்டு வாங்கும்போது ஓவனின் மாடல் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். போர்டின் மேலேயே ஒட்டியிருக்கும் பாக எண் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். சில நிறுவனங்களின் போர்டு வெறுமையாக வரும், அவர்களுடைய கருவியால் அமைப்பை ஏற்றினால்தான் ஓடும்; பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். மாட்டி முடித்த பிறகும் சூடு வராவிட்டால் பதற வேண்டாம். பல ஓவன்களில் மணி வைக்காமல் ஹீட்டர் ஓடாது.

இனி அந்தப் பழைய போர்டு. பின்பக்கம் இரண்டு பல்லி முட்டை, ரிலேக்களைச் சுற்றித் தேநீர் நிறத்தில் கருகல். சாம்பல் நிறப் பெட்டிபோல ஒரு கெப்பாசிட்டர், முதுகில் 0.47 மைக்ரோ ஃபாரட், 275 வோல்ட், எக்ஸ்2 என்று அச்சிட்டிருந்தது. கழற்றி அளந்தால் 0.21. நோய் இதுதான். இந்த வகை போர்டில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 230 வோல்ட்டிலிருந்து போர்டுக்கு வேண்டிய சிறு மின்சாரத்தை அந்தக் கெப்பாசிட்டர்தான் அளந்து விடுகிறது. 0.47 இருந்தால் சுமார் 30 மில்லி ஆம்பியர் கிடைக்கும், 0.21-க்குக் குறைந்தால் 14-ஐத் தாண்டாது. கடிகாரத்துக்கு அது போதும். ஆனால் ஹீட்டருக்குக் கரண்டு விடும் 24 வோல்ட் ரிலே ஒன்றை இழுத்துப் பிடிக்கவே 17 வரை வேண்டும். ரிலே இழுக்க முயல்கிறது, மின்னழுத்தம் விழுகிறது, கடிகாரம் மங்குகிறது, ரிலே விட்டுவிடுகிறது.

இடியால் கம்பி வழியே வரும் ஒவ்வொரு மின் எழுச்சிக்கும் இந்தக் கெப்பாசிட்டர் உள்ளே துளி துளியாக எரிந்து தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். உயிர் தப்பும், ஆனால் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். உலகில் இடி அதிகம் விழும் பகுதிகளில் தீபகற்ப மலேசியாவின் மேற்குக்கரையும் ஒன்று. இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில், அதாவது ஏப்ரல், மே, பிறகு செப்டம்பர் தொடங்கித் தீபாவளி வரை, பிற்பகலானால் வானம் இடித்துத் தள்ளும். ஓவன் அதிகம் ஓடும் பருவமும் அதுவேதான். பீடோங், பாடாங் செராய்ப் பக்கம் தோட்டத்து வழியாக நீண்டு வரும் மேல்கம்பி இணைப்புள்ள வீடுகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

இதோடு நம் வீட்டுப் பழக்கம் ஒன்றும் சேர்கிறது. கேக் வெந்ததும் சுவர் சுவிட்சைத் தட்டிவிடுவோம். தோட்டத்து லயன் வீடுகளில் இன்ஜின் கரண்டு மாலையில் சில மணி நேரம் மட்டும் வந்த காலத்தில் வளர்ந்த தலைமுறைக்குக் கரண்டை வீணாக்க மனம் வராது, அது நல்ல குணம்தான். ஆனால் சுடும் வேலை முடிந்த பிறகும் ஓவனின் குளிர்விப்பு விசிறி ஓடுவது போர்டைக் காப்பாற்றத்தான். விசிறி தானாக நிற்கும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். அக்காவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கப் போர்டில் இருந்த அந்தக் கருகலையே காட்ட வேண்டியிருந்தது.

பழைய போர்டில் புதுக் கெப்பாசிட்டரை ஈயம் வைத்தவன் தங்கை மகன். “மாமா, இத மட்டும் மாத்துனா போதும்,” என்று பார்த்தவுடன் சொன்னான். 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் அவனுக்கு வேலை. தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே உலகத்துக்கே மின்னணுப் பாகங்கள் செய்து அனுப்புகிறார்கள். அவர்கள் வீட்டு ஓவனுக்கு மட்டும் ‘போர்டையே மாற்று’ என்ற பதிலா? எனக்கு இது பொறுக்கவில்லை. ஐரோப்பாவில் 2021 முதல் சலவை இயந்திரங்களுக்கு, மின்சுற்றுப் பலகை உட்பட, உதிரிப்பாகங்களைக் குறைந்தது 10 ஆண்டுகள் பழுதுபார்ப்பவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படி விதி உள்ள சாதனங்களின் பட்டியலிலும் ஓவன் இல்லை. நம் நாட்டில் விற்கும் நிறுவனங்கள் சுற்று வரைபடத்தையாவது பட்டறைக்காரர்களுக்குத் தரலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இந்தப் போர்டில் 24 வோல்ட் பகுதியும் மெயின் கரண்டோடு நேரடியாகச் சேர்ந்தே இருக்கிறது. ஓடும்போது கை வைத்தால் உயிர் போகும். எக்ஸ்2 என்று அச்சிட்ட கெப்பாசிட்டருக்கு எக்ஸ்2 மட்டுமே மாற்று. வேறு வகை தீப்பிடிக்கக்கூடும். ஈயம் வைத்துப் பழக்கமில்லாதவர்கள் போர்டைக் கழற்றி, நல்ல மின்னணுப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். சுவர் ஒயரிங்கை மாற்ற வேண்டுமானால் பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். அவர் வரும்போதே விநியோகப் பெட்டியில் மின்னல் தடுப்பான் ஒன்றையும் மாட்டச் சொல்லுங்கள். அக்கா வீட்டில் மாட்டியாகிவிட்டது.

புது போர்டு வந்தபின் 180 வைத்தால், உள்ளே தொங்கவிட்ட வெப்பமானி 172-க்கும் 190-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. பிஸ்கட் நான்கு மூலையிலும் ஒரே நிறத்தில் வருகிறது. பழுது நீக்கிய பழைய போர்டையும் ஒருநாள் மாட்டிப் பார்த்தேன், அதே அளவுதான். ஆனால் அதன் ரிலே முனைகள் கருத்துப்போயிருக்கின்றன, இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் புதியது ஓவனில் இருக்கிறது; பழையது துணியில் சுற்றி, பாக எண்ணை மேலே எழுதி, அக்காவின் அலமாரியில் அடுத்த தேவைக்காக இருக்கிறது.