லீலாவதியின் புதல்விகள்: வென்றோர் மட்டும் பேசும் நூல்

இந்திய அறிவியல் அகாடமி 2008இல் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பு 'லீலாவதீஸ் டாட்டர்ஸ்'. ரோகிணி கோட்போலேயும் ராம் ராமசாமியும் பதிப்பித்த இந்நூல், இந்தியப் பெண் அறிவியலாளர் ஏறத்தாழ நூறு பேரை நமக்கு அறிமுகம் செய்கிறது. பலர் தம் வரலாற்றைத் தாமே எழுதியுள்ளனர்.

நூலின் பெயரே சிந்தனைக்குரியது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கணித மேதை பாஸ்கரர் தம் நூலுக்கு 'லீலாவதி' எனப் பெயரிட்டார். மண நற்பொழுது தவறிப்போன மகளைத் தேற்றவே அப்பெயரை இட்டார் எனும் கதையை, அக்பரின் அவைக் கவிஞர் ஃபைஸி 1587இல் செய்த பாரசீக மொழிபெயர்ப்பு தருகிறது. கதையில் மகளுக்குக் கிட்டியது பெயர் மட்டுமே. அவள் போட்ட கணக்கு ஒன்றேனும் நம்மை வந்தடையவில்லை.

பெயரும் எளிதில் கிட்டாத காலத்தை இந்நூலில் காண்கிறோம். 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர விண்ணப்பித்த கமலா சோஹோனியை, பெண் என்பதால் சி.வி. இராமன் ஏற்க மறுத்தார். அவர் விடாது வற்புறுத்திய பின்னரே, ஓராண்டுச் சோதனைக் காலம் எனும் நிபந்தனையுடன் இடமளித்தார். இராமனின் ஆய்வகத்தில் வைரத்தை ஆராய்ந்த அன்னா மணிக்கு, முதுகலைப் பட்டம் இல்லை எனக் கூறிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் மறுத்தது.

இவ்வரலாறுகள் ஊக்கம் தருவன. ஆயினும் வென்றோரே பேசுவதால், துணிவு ஒன்றே தடைகளைத் தகர்க்கும் எனும் மயக்கம் படிப்போர்க்கு எழக்கூடும். முனைவர் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வுகள் முடிந்து நிலையான பதவியைத் தேடும் முப்பதை ஒட்டிய வயதும், மணமும் மகப்பேறும் நிகழும் வயதும் ஒன்றே. பணி நியமனத்தின் வயது வரம்போ பல இடங்களில் இதைப் போதிய அளவு பொருட்படுத்துவதில்லை. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே நிறுவனத்தில் பணி தர விரும்பாத எழுதாச் சட்டமும் உண்டு. அதனால் இழப்புறுபவள் பெரும்பாலும் மனைவியே. இடையில் பணியை விட்டோர்க்கென நடுவண் அரசு 2002இல் தொடங்கிய திட்டமும் சில ஆண்டு நல்கையைத் தந்ததேயன்றி நிலையான பதவியைத் தரவில்லை.

மகளை முதுகலை வரை படிக்க வைத்துப் பெருமிதம் கொள்ளும் நம் இல்லங்களும் இதில் பங்காளிகளே. ஆய்வு முற்றும் பருவத்தில் அவளிடம் திருமண நாளைக் கேட்கிறோம்; ஆய்வின் நிலையைக் கேட்போர் அரியர்.

பாதி வழியில் விலகியோரின் வரலாறும் தொகுக்கப்பட வேண்டும். தடைகளின் முழு வடிவை அவர்களே அறிவர்.