'தி நைட் டைகர்' நாவலில் புலித் தொன்மமும் தோட்டத் தமிழ்ப் பெண்ணும்

நாட்டார் கதைகளை அடித்தளமாகக் கொண்ட மிகுபுனைவு நாவல்கள் அண்மைக் காலத்தில் இளம் வாசகரிடையே பெருவரவேற்பைப் பெற்றுள்ளன. கொரிய மரபின் ஒன்பது வால் நரியைக் கேட் சோ 'விக்கட் ஃபாக்ஸ்' (2019) நாவலில் இன்றைய சியோல் நகருக்குக் கொணர்ந்தார். கடலில் வீழ்ந்த சிம்சோங்கின் கதையை ஆக்ஸி ஓ 2022இல் புதுக்கி எழுதினார். இவ்வகையில் பேராக் மண்ணைக் களமாகக் கொண்டு 2019இல் வெளிவந்தது யாங்ஸீ சூவின் 'தி நைட் டைகர்'. பெரியவர்களுக்கான நாவலாகவே இது வெளியிடப்பட்டது. எனினும் இதன் முதன்மை மாந்தர் பதினொரு வயதுச் சிறுவனும் இளம்பெண் ஒருத்தியுமே ஆதலின், இளையோர் வாசிப்புக்கும் உரியதாக இதனைக் கொள்ளலாம்.

கதை 1931இல் நிகழ்கிறது. இறந்த மருத்துவர் ஒருவரின் துண்டிக்கப்பட்ட விரலைத் தேடி, 49 நாள்களுக்குள் அவரது கல்லறையில் சேர்க்க வேண்டிய கடமை ரென் என்னும் வேலைக்காரச் சிறுவனுடையது. அவ்விரல் ஈப்போவில் தையல் பயின்றுகொண்டே நடன விடுதியிலும் இரகசியமாகப் பணிபுரியும் ஜி லின்னிடம் சிக்குகிறது. பத்து காஜாவில் அடுத்தடுத்து மரணங்கள் நிகழ, புலியாக மாறும் மனிதனைப் பற்றிய அச்சம் பரவுகிறது.

மலாய் மரபு இதனை 'ஹரிமாவ் ஜாடியான்' என்கிறது. மனித உருவில் திரியும் புலிக்கு மேலுதட்டின் நடுப்பள்ளம் இராது என்பது நம்பிக்கை. கொரியாவின் தங்குன் தொன்மத்திலோ, மனிதராக விழைந்து குகையில் நோன்பிருந்த கரடியும் புலியுமாகிய இரண்டனுள் புலி பொறுமையிழந்து ஓடிவிடுகிறது. தமிழ் மரபு எதிர்த்திசையில் செல்கிறது. தில்லையில் இறைவனுக்கு மலர் பறிக்கும் பொருட்டுப் புலிக்கால் வேண்டிப் பெற்றவர் வியாக்கிரபாதர். மனிதனுக்கும் புலிக்கும் இடையிலான எல்லையை ஒவ்வொரு மரபும் தன்போக்கில் வரைந்திருப்பது ஒப்பாய்வுக்குரியது.

சீன, மலாய் மரபுகளை ஆசிரியர் கையாளும் திறம் பாராட்டத்தக்கது. கன்பூசிய நெறியின் ஐந்து அறங்களை ஐந்து மாந்தரின் பெயர்களில் பொதிந்து, அவர்களின் ஊழைப் பிணைத்திருப்பது நாவலின் வலுவான கட்டமைப்பாகும். ரென்னின் இறந்துபோன இரட்டைச் சகோதரன் யீ கனவில் வந்து பேசும் இரயில் நிலையக் காட்சிகள் நெஞ்சை விட்டு அகலாதவை. புலியைப் பற்றிய பக்கங்களைவிட இவையே நமக்குச் சிறந்தனவாகத் தோன்றுகின்றன.

ஆயின், தமிழ் வாசகர் அம்பிகாவிடம் வந்து நிற்பார். அவள் பால்மரம் வெட்டும் தமிழ்ப்பெண். ஆங்கில அறுவை மருத்துவர் வில்லியம் அக்டனுடன் மறைவான தொடர்பு கொண்டிருந்தவள். ரப்பர்க் காட்டில் அவள் உடல் கிடைக்கிறது. புலி கொன்றதென ஊர் பேசுகிறது. அவளைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் அக்டனின் அச்சத்தின் வழியும் குற்றவுணர்வின் வழியும் வருபவையே. விடியற்காலைப் பெரட்டுக்கு அவள் யாருடன் நடந்து சென்றாள், லயத்தில் அவளுக்காக அழுதவர் யார் என்பவற்றுக்கு நாவலில் இடமில்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்து, தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கப்பலேற்றப்பட்ட காலம் அது. அதன் சுவடும் அவள் கதையில் இல்லை.

தமிழர் தொகை குறைவு என்னும் கணக்கன்று நமது குறை. கதையின் சொந்தத் தருக்கத்திலேயே ஒரு வாய்ப்பு நழுவியிருக்கிறது. அம்பிகா என்பது துர்க்கையின் பெயர். அவளைப் புலியூர்தியாகவும் மக்கள் வழிபடுகின்றனர். சிலப்பதிகார வேட்டுவ வரியில் கொற்றவைக் கோலம் பூண்ட குமரிக்குப் புலிப்பல்லே தாலி. கொடிய மரணமுற்ற பெண்ணைக் கல்லில் நிறுத்தி மஞ்சள் பூசி வழிபடுவதும் நம் நாட்டார் சமய வழக்கு. பெயர்களில் ஊழைப் பொதிந்த ஆசிரியர், அம்பிகாவின் பெயரை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

பத்து காஜாவுக்கு அருகிலேயே இதற்கொரு சான்று உண்டு. கெல்லி மாளிகையைக் கட்டிய தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் இறந்தார். கொள்ளைநோயில் தம்மவர் மடியக் கண்ட தொழிலாளர் கேட்டதற்கிணங்க அவர் மாரியம்மன் கோயில் எழுப்பினார் என்பர். அக்கோயிலின் மேல், தெய்வ உருவங்களுக்கிடையே தொப்பியணிந்த துரையின் சிலையும் நிற்கிறது. துரையையே தம் கதைக்குள் இழுத்துக்கொண்ட கற்பனை அத்தொழிலாளருடையது.

பிறர் எழுதவில்லை என்று வருந்துவதோடு நின்றுவிடலாகாது. நமது தோட்ட நாவல்கள் பெரும்பாலும் நடப்பியல் நெறியில் வளர்ந்தவை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993) போன்றவை வரலாற்றுக் கடனைச் செலுத்தின. தீம்பார் எல்லை முனி, மோகினி, புலி முதலியன பாட்டிமார் வாயோடு நின்றுவிட்டன. கே. பாலமுருகனின் சிறுவர் மர்ம நாவல்கள் இத்திசையில் ஒரு தொடக்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஈப்போவைச் சூழ்ந்த வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்த முதியோர் பலர் இக்கதைகளை இன்னும் நினைவில் வைத்துள்ளனர். பேரப்பிள்ளைகளோ ஒன்பது வால் நரியைக் கொரியத் தொடர்களில் கண்டு அறிந்திருக்கின்றனர். தமிழாசிரியர் இவ்விரு சாராரையும் ஒரு வகுப்பறையில் அமர்த்தி, அம்பிகாவின் கதையைப் பெரட்டுக் களத்திலிருந்து தொடங்கச் சொல்லலாம்.