கம்பத்துக் கோழிக்கூடு

ஜார்ஜ் டவுனுக்கு அப்பால், பினாங்குத் தீவின் மேற்கிலுள்ள பாலிக் பூலாவ் கம்பங்களில் (சிற்றூர்களில்), மலாய் மொழியில் 'ரெபான்' எனப்படும் கோழிக்கூட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கால்களின்மேல் அமைக்கும் வழக்கம், இருட்டில் சரியாகக் கண் தெரியாது அசைவற்று அடையும் கோழியின் இயல்பை உணர்ந்த கைத்திறனாகும். ஆயினும், பகலில் முட்டையும் குஞ்சும் தேடிவரும் நீருடும்பும், இரவில் வரும் 'மூசாங்' என்னும் மரநாயும் ஏறத் தெரிந்தவை என்பதால், இறுகப் பூட்டும் கொண்டியும் இன்றியமையாததாகிறது. மலைப்பாம்போ சிறு இடுக்கிலும் நுழைந்து, கோழியை விழுங்கியபின் உடல் பருத்து, வந்த வழியே வெளியேற இயலாமல் கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடப்பதுண்டு. ஆகவே கூட்டை அடைக்கும் வலையின் கண் அரை அங்குலத்தை மிஞ்சாதிருத்தல் நன்று. தமிழகத்துப் பஞ்சாரம், அதாவது மூங்கில் சிம்பால் முடைந்த கவிழ்கூடை, பருந்திடமிருந்து குஞ்சுகளைக் காக்கும் அழகிய பொருளேயாயினும், காட்டோரத்து இரவுக்கு அது போதாது.