நியூஹாலின் ஒளிப்பட வரலாறும் தஞ்சைக் கல்வெட்டுப் படமும்

போமண்ட் நியூஹால் (1908–1993) அமெரிக்க ஒளிப்பட வரலாற்றாசிரியர், அருங்காட்சியகக் காப்பாட்சியர். ஒளிப்படத்தை அருங்காட்சியகத்தில் கலைப்பொருளாக நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர். அவர் வகுத்த பார்வை தமிழ்நாட்டின் பழைய ஒளிப்படங்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பணிவாழ்வு

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு பயின்ற நியூஹால், 1935இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நூலகராகச் சேர்ந்தார். 1937இல் அங்கே ஒளிப்படக்கலையின் வரலாற்றைக் காட்டும் பெரிய கண்காட்சியை அமைத்தார். அதற்கென எழுதிய கையேட்டைப் பலமுறை திருத்தியும் விரித்தும் எழுதினார். ‘ஒளிப்படக்கலையின் வரலாறு’ என்று 1949இல் வெளிவந்த நூல் அவ்வாறு உருவானதே. அதன் ஐந்தாம் பதிப்பு 1982இல் வந்தது. இடைப்பட்ட தலைமுறைகளுக்கு அதுவே பாடநூலாக இருந்தது.

1940இல் அந்த அருங்காட்சியகம் ஒளிப்படத்துக்கெனத் தனித்துறை தொடங்கியபோது அதன் முதல் காப்பாட்சியர் ஆனார். அவர் போர்ப்பணிக்குச் சென்றிருந்த காலத்தில் அவருடைய மனைவி நான்சி நியூஹால் துறையை நடத்தினார். 1947இல் எட்வர்ட் ஸ்டைகன் துறைத் தலைவராக்கப்பட்டதும் நியூஹால் விலகினார். மறு ஆண்டு ராச்செஸ்டர் நகரின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்லத்தில் காப்பாட்சியராகச் சேர்ந்து, 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக இருந்தார். பின்னர் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

வரலாற்று முறை

1937 கண்காட்சியில் செய்திப்படம், அறிவியல் படம் ஆகியவற்றுக்கும் இடம் இருந்தது. நுட்பங்களின் வளர்ச்சியே அதன் முதுகெலும்பு. பிற்காலப் பதிப்புகளில் கவனம் தனிக்கலைஞர்கள்மீதும் அவர்களுடைய நடைமீதும் சென்றது. ஓவிய வரலாற்றில் கற்ற முறையை அவர் ஒளிப்படத்துக்குக் கொண்டுவந்தார்: யார் எடுத்தார், எந்த அச்சு மூலமானது, அதன் தரம் என்ன என்பவை தலையாய கேள்விகள் ஆயின. இதனால் கிடைத்த நன்மை பெரிது. பழைய தாளாகக் கழிந்துபோயிருக்கக்கூடிய அச்சுகள் காப்பறைக்குள் வந்தன.

இழப்பும் உண்டு. ஒரு படம் எதற்காக எடுக்கப்பட்டது, யார் கையில் இருந்தது என்னும் கேள்விகள் பின்னுக்குப் போயின. அந்த அருங்காட்சியகம் ஒளிப்படத்துக்கு நீதிபதியாக அமர்ந்துவிட்டது என்று 1982இல் கிறிஸ்டோபர் ஃபிலிப்ஸ் எழுதிய கட்டுரை இவ்வகை விமர்சனத்தில் முக்கியமானது.

தஞ்சையில் ஒரு சோதனை

கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி லின்னேயஸ் ட்ரைப் 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857 இறுதியிலும் 1858இலும் மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சை முதலிய ஊர்களைப் படமெடுத்தார். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன், செலவு மிகுதி என்று இம்முயற்சியை நிறுத்தினார்.

ட்ரைப்பின் படங்களில் ஒன்று தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைக் காட்டுவது. 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் அதை அமைத்தார். 2014இல் வாஷிங்டனிலும் 2015இல் இலண்டனிலும் ட்ரைப்பின் படங்கள் பெருங்கண்காட்சிகளாக வைக்கப்பட்டன. நியூஹால் வழியில் பார்த்தால் இந்தப் படம் துணிச்சலான அகலப்பரப்புக் காட்சி. மெழுகிட்ட தாள் நெகட்டிவில் செய்த அரும்பணி. அது உண்மையே.

ஆனால் ட்ரைப்பின் நோக்கம் எழுத்து படிக்கக் கிடைக்க வேண்டும் என்பது. அந்த எழுத்துகள் இராசராசன் காலத்துக் கொடைகளைச் சொல்பவை. ஹூல்ட்ஸ் பெரிய கோயில் கல்வெட்டுகளைத் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையில் வெளியிடத் தொடங்கியது 1891இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே இந்தப் படம் எடுக்கப்பட்டுவிட்டது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் அதன்முன் நின்றால் முதலில் எழுத்தைத்தான் தேடுவார். ஒளியமைப்பைப் போற்றிவிட்டு எழுத்தைப் பற்றி வாய்திறக்காத விளக்க அட்டை பாதி வேலையைத்தான் செய்கிறது.

தமிழ்நாட்டுக் காப்பகம்

மயிலத்திலிருந்து பேருந்தில் எளிதில் போய்வரக்கூடிய புதுச்சேரியில் வேறொரு முறையைக் காணலாம். 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஒளிப்படக் காப்பகத்தில் தென்னிந்தியக் கோயில்கள், சிற்பங்கள் பற்றிய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. எடுத்தவரின் பெயரைவிட ஊரும் கோயிலும் சிற்பமும்தான் அங்கே தேடுவதற்கான வழி. அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களையும் மின்படியாக்கியுள்ளனர்.

ஸ்டுடியோ படத்தில்தான் நியூஹாலின் அளவுகோல் பெரிதும் தடுமாறுகிறது. மயிலம் மலைக்கோயிலில் மணமுடித்த கையோடு திண்டிவனம் ஸ்டுடியோ ஒன்றில் நின்று எடுத்துக்கொண்ட தம்பதியின் படம் என்று வைத்துக்கொள்வோம். திரையும் தூணும் எல்லாருக்கும் ஒன்றே. நிற்கும் முறையும் ஒன்றே. தனி நடை என்று எதுவும் இராது. அட்டையின் பின்னுள்ள ஸ்டுடியோ முத்திரை, படத்திலிருப்பவர்களின் பெயர், அணிந்திருப்பது இரவல் நகையா என்னும் செய்தி ஆகியவையே அதன் வரலாறு. இவற்றைச் சொல்லக்கூடியவர் வீட்டு மூத்தவர். அவருக்குப் பின் அது பெயரில்லாத படம்.

மதிப்பீடு

நியூஹாலைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. காப்பாற்றத் தகுந்தது என்று முதலில் ஒருவர் சொல்லாவிட்டால் விவாதிக்கவே எதுவும் மிஞ்சாது. அவரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அக்கறையை. தேர்ந்தெடுக்கும் அளவுகோலை அன்று. தமிழ்நாட்டில் ஒளிப்படக் காப்பாட்சியராக வர விரும்பும் மாணவர் அச்சின் தரத்தைக் கணிக்கப் பழகுவதோடு கல்வெட்டு வாசிக்கவும், உறவுமுறை கேட்டு எழுதவும் கற்க வேண்டும். ஸ்டுடியோக்கள் மூடப்பட்டு நெகட்டிவ்கள் குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கும் இந்நாளில், வீட்டிலுள்ள பழைய படத்தின் பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் மெல்ல எழுதிவைப்பதே அந்தப் பணியின் தொடக்கம்.